புதுத் திட்டம் வரட்டும் என்றார்

இந்த நாட்டின் காலேஜுகளை எல்லாம் அடியோடு மாற்றி அமைக்க எங்கள் வீட்டுக் கூடத்தில் ஞாயிற்றுக்கிழமைதோறும் கூட்டம் நடந்தது என்று சொன்னால் இப்போது யாரும் நம்புவதில்லை. எழுபதுகளின் ஆரம்பம். மயிலாப்பூரில் கோயில் குளத்துக்குப் பின்பக்கம் ஒரு வாடகை வீடு. என் வீட்டுக்காரர் அரசாங்கக் காலேஜில் பொருளாதாரம் சொல்லிக் கொடுத்தவர். வரப்போகிற இருபது வருஷத்தில் மேல்படிப்பு எப்படி இருக்க வேண்டும் என்று திட்டம் போட தில்லியில் ஒரு பெரிய குழு அமைத்தார்கள். அதில் மெட்ராஸ்காரர்கள் பார்க்க வேண்டிய பங்கு இவரிடமும் இன்னும் சிலரிடமும் வந்தது. கடற்கரைச் சாலையில் ஒரு ஆபீஸ் அறையும் கொடுத்தார்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை அந்தக் கட்டடத்தைப் பூட்டி வைத்துவிடுவார்கள். இவர்களுக்கோ ஞாயிற்றுக்கிழமைதான் ஒழிவு. அதனால் எங்கள் கூடம்.

எனக்கு நாலு பேர் முன்னால் வந்து நிற்கப் பழக்கமில்லை. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அஞ்சாவது வரைக்கும் படித்தேன். அதற்கு மேல் படிக்க இரண்டு தெரு தாண்டிப் போகவேண்டும், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார்கள். அந்த அடுத்த வருஷத்தை எனக்கு நன்றாகத் தெரியும். ஆகவே குழுக்காரர்கள் வந்தால் நான் சமையலறைத் திரைக்கு இந்தப் பக்கம். காபியைக் கலந்து ஸ்டூலின் மேல் வைப்பேன். என் மகள் எடுத்துக்கொண்டு போய்க் கொடுப்பாள்.

திரைக்குப் பின்னால் நின்று எவ்வளவோ கேட்டிருக்கிறேன். முக்கால்வாசி புரியாது. காலேஜுகளில் தமிழிலேயே பாடம் நடத்தலாமா கூடாதா என்று ஒரு நாள் முழுக்கச் சண்டை போட்டார்கள். அவ்வளவு சண்டையும் இங்கிலீஷில். இடையில் யாராவது தும்மினால்தான் ஒரு தமிழ் வார்த்தை வரும்.

என் மகள் அந்த வருஷம் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்தாள். எங்களுக்கு ஒரே பெண். நல்ல மார்க். கெமிஸ்ட்ரி என்றால் அவளுக்குப் பைத்தியம். நான் அரைத்து வைத்த மஞ்சளில் சோப்புத் தண்ணீரை விட்டு, சிவப்பாக மாறுவதை எனக்குக் காட்டுவாள். எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து அதை மறுபடியும் மஞ்சளாக்குவாள். "இதுக்கு ஏன்னு காரணம் இருக்கும்மா. காலேஜுல சொல்லிக் குடுப்பாங்க" என்பாள். எனக்கு மஞ்சள் வீணாகிறதே என்றிருக்கும், இருந்தாலும் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

பஸ்ஸில் போய் வரக்கூடிய தூரத்தில் ஒரு பெண்கள் காலேஜ். பி.யூ.சி.யில், அதாவது பட்டப் படிப்புக்கு முந்தின ஒரு வருஷத்தில், கெமிஸ்ட்ரி இருக்கிற முதல் குரூப்பில் இடம் கிடைத்துவிட்டது, வந்து சேரலாம் என்று கார்டு வந்தது. அவள் அதைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு ஓடினாள். நான் அடுப்பைக் குறைத்துவிட்டு எட்டிப் பார்த்தேன். இவர் படித்துவிட்டுக் கார்டை மேஜையில் வைத்தார்.

"பாப்பா, இப்படி உக்காரு. பி.யூ.சி.ங்கறது என்ன தெரியுமா? உபயோகமில்லாத ஒரு வருஷம். அது ஸ்கூலும் இல்ல, காலேஜும் இல்ல. அதை எடுத்துடணும்னு நானே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கேன். என் பொண்ணையே அதுல கொண்டுபோய்ச் சேர்த்துட்டு, நாளைக்கு எந்த முகத்தோட போய்ப் பேசுவேன்?"

"அப்ப நான் என்னப்பா படிக்கிறது?"

"அடுத்த ஜூன்ல, திட்டத்தோட முதல் கட்டமா, புது ஏற்பாடு வந்துடும். நேரா அதுல சேரலாம். முதல் செட்டே நீதான். அதுவரைக்கும் டைப்ரைட்டிங் கத்துக்கோ."

"வரலேன்னா?"

"வராம எப்படிம்மா? நாங்க எழுதியிருக்கோமில்ல."

அவள் சரி என்றாள். அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. அழுதிருந்தால், அடம் பிடித்திருந்தால், எனக்கும் ஒரு வார்த்தை பேச இடம் கிடைத்திருக்கும். அவளுக்கு அப்பா மேல் அவ்வளவு நம்பிக்கை. தில்லியிலிருந்து தபால் வருகிற அப்பா.

ராத்திரிச் சாப்பாடு போடும்போது நான் கேட்டுப் பார்த்தேன். "அவ கூடப் படிச்ச புள்ளைங்க எல்லாம் சேர்ந்துட்டாங்களாமே. இவ மட்டும் வீட்ல உக்காந்து என்ன செய்வா?"

"உனக்கு இது புரியாது. இது ஒரு வீட்டு விஷயம் இல்ல. நாட்டு விஷயம்."

"இந்த வீடு நாட்டுலதானே இருக்கு?"

"ரசம் ஊத்து" என்றார்.

ரசம் ஊற்றினேன்.

லஸ் முனையில் மாடியில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட். காலையில் ஒரு மணி நேரம் அங்கே போய்விட்டு வருவாள். மீதி நாள் முழுக்க வீடு. கொஞ்ச நாளில் விரல் ஓட ஆரம்பித்ததும் இவருக்கு ஒரே சந்தோஷம். குழுவின் டைப்ரைட்டரை ரிக்‌ஷாவில் ஏற்றி வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார். ஸ்டென்ஸில் தாளில் அவள் அடித்துக் கொடுத்தால் ஆபீஸில் பிரதி எடுத்துக்கொள்வார்கள். தப்பு விழுந்த இடத்தில் தடவ ஒரு சிவப்பு மருந்து உண்டு. வீடெல்லாம் அந்த வாசனைதான். மஞ்சளும் சோப்புமாக இருந்த கை, மையும் சிவப்பு மருந்துமாக ஆயிற்று.

ஒரு மத்தியானம் டக்கு டக்கு என்று அடித்துக்கொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

"அம்மா, இதுல என்ன எழுதியிருக்கு தெரியுமா? படிக்கிற வயசுல பொண்ணுங்களை வீட்ல உக்கார வைக்கிறதால நாட்டுக்குப் பெரிய நஷ்டமாம். அவங்களைக் காலேஜுக்குக் கொண்டு வர்றதுதான் முதல் வேலையாம்."

"யாரு எழுதினது?"

"அப்பாதான்."

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு தாளை நேராக்கிக்கொண்டு மறுபடியும் அடிக்க ஆரம்பித்தாள். நான் போய் அரிசி களைந்தேன். களைந்த அரிசியையே திரும்பவும் களைந்தேன்.

தெருவில் கீரை விற்றுக்கொண்டு வருகிற அம்மாள் ஒருத்தி உண்டு. அவளுக்கு எல்லோர் வீட்டுச் சமாசாரமும் வேண்டும். கூடையை வாசலில் இறக்கிவிட்டு ஜன்னல் பக்கம் எட்டிப் பார்ப்பாள்.

"இன்னாம்மா, உன் பொண்ணு எப்ப வந்தாலும் வூட்லயே கீது? காலேஜிக்குப் போவலியா?"

"போவா, போவா. புதுசா ஒரு படிப்பு வருது. அது வந்ததும் போவா."

"அதுக்கோசரமா குந்திக்கினு கீது? எங்க பேட்டையில இப்படித்தான் புதுசா தண்ணி கொயா வரும்னு சொல்லிக்கினு கீறாங்க. அதுவரைக்கும் நாங்க தண்ணி குடிக்காமயா கீறோம்?"

எனக்கு முகம் சுண்டிப் போயிற்று. "முளைக்கீரை ரெண்டு கட்டு குடு, போதும்" என்று உள்ளே வந்துவிட்டேன். அவள் சொன்னதை இவரிடம் சொல்லலாமா என்று நினைத்தேன். என்ன சொல்வார் என்று தெரியும். குடிநீர் வேறு இலாகா என்பார்.

நவராத்திரி வந்தது. குழுவின் தலைவர் அடையாறில் இருந்தார். பெரிய காலேஜில் பிரின்ஸிபாலாக இருந்து ஓய்வு பெற்றவர். தோட்டமும் காருமாக வசதியான இடம். அவர் மனைவி குங்குமச் சிமிழோடு நேரில் வந்து கொலுவுக்கு அழைத்துவிட்டுப் போனார். போகாமல் இருக்க முடியாது. மகளையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

படி படியாகப் பொம்மைகள், கீழே சின்னதாகப் பார்க் ஒன்று கட்டி அதில் தண்ணீர் வேறு. நான் ஓரமாக ஜமக்காளத்தில் உட்கார்ந்தேன். தலைவருடைய மகளும் என் மகள் வயதுதான். அவள் இரண்டு கைகளையும் மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்துகொண்டே வந்தாள்.

"சோப்புப் போட்டு எத்தனை தடவை அலம்பினாலும் போகவே மாட்டேங்கறது. லேப்ல அழுகின முட்டை மாதிரி ஒரு கேஸ் விடறா மாமி. பாதி பேர் வெளில ஓடிட்டா. நான் மட்டும் நின்னுண்டிருந்தேன்."

தலைவர் மனைவிக்குப் பெருமை தாங்கவில்லை. "எங்காத்துப் பொண்ணுக்கு லேப்னா சாப்பாடே வேண்டாம். இப்பத்தான் பி.யூ.சி. சேர்ந்திருக்கா, ஃபர்ஸ்ட் குரூப். அப்பா கையைப் பிடிச்சுண்டு போய்ச் சேர்த்துட்டு வந்தார். உங்க பொண் எந்த காலேஜ்?"

என் மகள்தான் சொன்னாள். "டைப்ரைட்டிங் படிக்கிறேன் மாமி. லோயர் முடிச்சுட்டேன், ஹையர் போறேன்."

"ஓ, நல்லதாச்சே. ஆத்து வேலைக்கும் ஒத்தாசையா இருக்கலாம்" என்று அந்த அம்மாள் எனக்கு வெற்றிலை பாக்கு எடுத்து வைத்தார். அவர் மேல் தப்பில்லை. அவருக்கு ஒன்றும் தெரியாது. என் மகள் அந்தப் பெண்ணிடம், "அந்த கேஸ் எதுல எதைப் போட்டா வரும்?" என்று கேட்டாள். அந்தப் பெண் ஏதோ சொன்னாள். இவள் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். பஸ்ஸில் சுண்டல் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் இவரிடம் சொன்னேன். புடவை கூட மாற்றவில்லை. "உங்க தலைவர் தன் பொண்ணை பி.யூ.சி.யில சேர்த்திருக்கார். கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போய்ச் சேர்த்திருக்கார். தெரியுமா உங்களுக்கு?"

கண்ணாடியைக் கழற்றி மேல்துண்டில் துடைத்தார்.

"தெரியாது. ஆனா அவர் அப்படித்தான். பேப்பர்ல ஒண்ணு, வீட்ல ஒண்ணு. நான் அப்படி இல்ல."

அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். வெட்கப்படுவார் என்று நினைத்தேன். நிமிர்ந்து உட்கார்ந்தார். கெட்ட மனிதராக இருந்தால் சண்டை போடலாம். குடிகாரராக இருந்தால் நாலு பேரைக் கூட்டி நியாயம் கேட்கலாம். நேர்மையாக இருக்கிறேன் என்று சந்தோஷப்படுகிற மனிதரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

அடுத்த ஜூன் வந்தது. புது ஏற்பாடு வரவில்லை. தில்லியிலிருந்து தபால்தான் வந்தது. குழுவின் வேலை மிகவும் நன்றாக இருக்கிறதாம். அதனால் இன்னும் ஆழமாக ஆராய்ந்து சொல்ல வேண்டுமாம். இவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார். "முதல் கட்டம் மட்டும் கொஞ்சம் தள்ளிப் போகும். இன்னும் ஒரே வருஷம்" என்று மகளிடம் சொன்னார். இந்தத் தடவை அவள் சரி என்று சொல்லவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு டைப்ரைட்டிங் ஹையர் பரீட்சை. காபி எடுத்துக்கொண்டு போக ஆள் இல்லை. இவர் உள்ளே எட்டிப் பார்த்து, "கொண்டு வா" என்பது போல ஜாடை காட்டினார். நான் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு தட்டோடு கூடத்துக்குப் போனேன். தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

"அடடே, நீங்களே வந்துட்டேளா!" என்றார் தலைவர். நல்ல மனிதர், மரியாதை தெரிந்தவர். "பொண் எங்கே?"

"பரீட்சைக்குப் போயிருக்கு."

"ஞாயித்துக்கிழமை என்ன பரீட்சை? எந்தக் காலேஜ்ல?"

"காலேஜ் இல்லீங்க. டைப்ரைட்டிங்."

"சரி, காலேஜ்ல என்ன படிக்கறா?"

இவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, பதில் சொல்லிவிட்டேன். யாரையும் மடக்க வேண்டும் என்று சொல்லவில்லை. கேட்டார், உள்ளதைச் சொன்னேன்.

"உங்க திட்டம் வரட்டும்னு வீட்ல இருக்கா."

எல்லோரும் சிரித்தார்கள். நான் வேடிக்கையாகப் பேசுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள். தலைவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"பேஷ், பேஷ்! பேசவே மாட்டார், பேசினா இப்படிப் போடறாரே! அம்மா, இது இருபது வருஷத் திட்டமாச்சே. நாங்க எழுதி, அவா படிச்சு, இன்னொரு கமிட்டி போட்டு... உங்க பேத்திக்கு வேணும்னா முதல் சீட் வாங்கித் தரேன்!"

தியாகராய நகரிலிருந்து வருகிற பேராசிரியர் ஒருவர் தொடையைத் தட்டிக்கொண்டார். "எனக்குத் தோணாமப் போச்சே சார்! எம் பையனையும் நிறுத்தி வச்சிருப்பேன். அவன் படிக்கிற லட்சணத்துக்கு இருபது வருஷம் சரியா இருக்கும்!"

எல்லோரும் சிரித்து முடித்த பிறகு இவரும் சிரித்தார். தனியாக.

நான் காலித் தட்டோடு உள்ளே வந்து அம்மிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். என் வாழ்நாளில் ஒரு சபையில் பேசிய ஒரே பேச்சு அது. அதற்கு அவர்கள் சிரிக்கிறார்கள்.

எல்லோரும் போன பிறகு இவர் சமையலறைக்கே வந்தார். அந்தப் பக்கம் சாதாரணமாக வரமாட்டார்.

"அவர் நிஜமாவே இருபது வருஷம் ஆகும்னு நினைச்சிட்டிருக்காரா?"

"என்னைக் கேட்டா? நீங்கதானே கூட உக்காந்து எழுதினீங்க?"

"முதல் கட்டம் உடனேன்னுதான் எழுதினேன். அவரும் கையெழுத்துப் போட்டார்."

"கையெழுத்துப் போட்டார். பொண்ணைக் காலேஜுலயும் போட்டார்."

அவர் நின்றுகொண்டே இருந்தார். பாவமாகவும் இருந்தது, பற்றிக்கொண்டும் வந்தது. அத்தனை பேரில் அந்தத் திட்டத்தை நம்பியவர் இவர் ஒருத்தர்தான். நம்பியவருக்கு வாய்த்த மகள் என் மகள்.

மறுநாள் காலையில் சட்டையைப் போட்டுக்கொண்டு மகளைக் கூப்பிட்டார். "கிளம்பு பாப்பா. உன் சர்டிபிகேட் எல்லாம் எடுத்துக்கோ." அவள் என்னைப் பார்த்தாள். போ என்றேன். இரண்டு பேரும் பஸ் பிடிக்கப் போனார்கள்.

மத்தியானம் வெயிலில் திரும்பி வந்தார்கள். அவள் நேராகப் பானைத் தண்ணீரை மொண்டு குடித்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"இடம் கிடைச்சுடுச்சும்மா. மூணாவது குரூப்."

"அதுல கெமிஸ்ட்ரி உண்டா?"

"இல்லம்மா. சரித்திரம், பொருளாதாரம். முதல் குரூப், ரெண்டாவது குரூப் எல்லாம் ரொம்பிடுச்சாம். இந்த வருஷம் பாஸ் பண்ணவங்களுக்குத்தான் முதல்லயாம். ஒரு வருஷம் ஏன் வீட்ல இருந்தேன்னு கேட்டாங்க. அப்பா விளக்கிச் சொன்னார். அவங்களுக்குப் புரியல."

இவர் கூடத்தில் நாற்காலியில் சாய்ந்திருந்தார். நான் சமையலறை வாசற்படியில் போய் நின்றேன்.

"பொருளாதாரமும் நல்ல பாடம்தான். நானே சொல்லிக் குடுக்கலாம்" என்றார் என்னைப் பார்க்காமல். "கெமிஸ்ட்ரியும் ஒண்ணும் போயிடல. புதுத் திட்டத்துல ஒரு பாடத்துலேர்ந்து இன்னொரு பாடத்துக்கு மாறிக்கலாம். அதுக்குன்னு தனியா ஒரு அத்தியாயமே இருக்கு."

"அது எப்பங்க வரும்?"

"ஞாயித்துக்கிழமை கேக்கறேன்."

உள்ளேயிருந்து மகள் குரல் கேட்டது. "அந்த அத்தியாயத்தை நான்தாம்பா டைப் அடிச்சேன். அதுல எந்த வருஷம்னு போடவே இல்ல."

அவர் கண்ணாடியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். கண்ணாடியில் அழுக்கே இல்லை.

காலேஜ் திறந்ததும் அவள் போனாள். வகுப்பில் மற்றப் பெண்கள் எல்லாம் ஒரு வயது சின்னவர்கள். அக்கா என்று கூப்பிடுகிறார்களாம், வந்து சொல்லிச் சிரித்தாள். சரித்திரத்தில் முதல் மார்க் வாங்கினாள். வாங்கட்டும். எதைக் கொடுத்தாலும் படிக்கிற பெண்தான். அதற்காக எனக்கு மனசு ஆறிவிடுமா?

குழு அதற்குப் பிறகும் கூடியது. கூடிக்கொண்டே இருந்தது. ஒரு நாள் சாயங்காலம் இவர் ஒரு கத்தைத் தாளோடு வந்து, "பாப்பா, நாளைக்கு தில்லிக்கு அனுப்பணும், அடிச்சுக் குடுக்கறியா?" என்று கேட்டார்.

"நாளைக்கு எனக்கு டெஸ்ட் இருக்குப்பா" என்று புத்தகத்தை எடுத்துக்கொண்டு அவள் மொட்டை மாடிக்குப் போய்விட்டாள்.

அவரே டைப்ரைட்டர் முன்னால் உட்கார்ந்து ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடி அடித்தார். ஒரு வரிக்கு நாலு இடத்தில் சிவப்பு மருந்து. நடுவில் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. தெரிந்திருந்தாலும் அடித்துக் கொடுத்திருக்க மாட்டேன்.